கைதட்டு விழுந்துவிட்டால்

திண்டுக்கல்,
3 ஜூலை 2024

அன்புள்ள புஷ்பத்துக்கு,

இயேசுவுக்கே புகழ். நீயும் வினோவும் மாப்பிள்ளையும் ஆரோன் குட்டியும் சுகம் என்பது போனிலேயே தெரிகிறது. ஆனால் போனில் உன்னோடு பேச முடிவதில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், “எப்படி இருக்க?” என்று நான் கேட்டால் ஆரோன் பதில் சொல்கிறான். அதனால்தான் இந்த வயதில் தபால் உறை வாங்கி வந்திருக்கிறேன். கடைக்காரர் அதைத் தேடி எடுத்துத் தூசி தட்டித்தான் கொடுத்தார்.

போன ஞாயிறு பதவியேற்பு விழா நல்லபடி நடந்தது. கழுத்தில் சங்கிலி போட்டார்கள். பித்தளைதான், ஆனாலும் கனம். நான் எப்படி நம் மலைக்கோட்டை சேவைச் சங்கத்துக்குத் தலைவரானேன் என்று அன்றைக்கு நீ கேட்டாய். பதில் சொல்வதற்குள் ஆரோன் போனைப் பறித்துக்கொண்டான். ஆசைப்பட்டு ஆனதில்லை புஷ்பம். ஏப்ரல் கூட்டத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போயிருந்தேன். திரும்பி வரும்போது செயலாளர் ஸ்டீபன்ராஜ், அதுதான் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிற தம்பி, மைக்கில் “அடுத்த ஆண்டுத் தலைவர் நம்ம அருள்நாதன் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். நான் ஈரக் கையோடு நின்றேன்.

பிறகு தனியாகக் கேட்டபோது அவன் சிரித்தான். “முன்கூட்டிக் கேட்டா யாரும் செய்ய மாட்டாங்க சார். மைக்ல பேரச் சொல்லணும், கைதட்டு விழணும். அப்புறம் எந்திரிச்சு ‘என்னால ஏலாது’ன்னு சொல்ற தைரியம் நம்ம ஊர்ல எவனுக்கும் கிடையாது” என்றான். இத்தனை வருஷமாகச் சங்கம் இப்படித்தான் ஓடுகிறதாம். வகுப்பில் காந்தத்தை ஆணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டுவேனே, அது மாதிரி. இழுப்பது காந்தம், பார்க்கிற பிள்ளைகளுக்கு ஆணியே ஆசைப்பட்டுப் போய் ஒட்டிக்கொண்டதாகத் தோன்றும்.

சங்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. தலைவர் மனைவியின் நாற்காலி வருஷம் பூராவும் எந்த மேடையிலும் காலியாக இருக்கக் கூடாது. நீ இல்லையே என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஸ்டீபன்ராஜ் வினோ கல்யாண ஆல்பத்திலிருந்து உன் படத்தை எடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, நாற்காலியில் வைத்துவிட்டான். உனக்கு வந்த பொன்னாடையை நாற்காலிக்குப் போர்த்தினார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு வருஷம். அடுத்த ஜூன் முப்பதோடு சங்கிலியைக் கழற்றி அடுத்தவர் கழுத்தில் போட்டுவிடுவேன். ஆரோனும் அதே ஜூனில் பள்ளிக்கூடம் போய்விடுவான். நேரே வந்து உன்னைக் கூட்டிவருவேன். நீ இல்லாமல் ஒரு நாள்கூட முடியாது என்று வினோ சொல்கிறாள். பெற்ற பிள்ளைக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப் போகிறோம்? அதுவரை பொறுத்துக்கொள்.

உன்,
அருள்நாதன்

பெங்களூரு,
17 ஜூலை 2024

அன்புள்ள வினோ அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கீழே வாசல் காவல்காரர்தான் கொடுத்தார். ஒடிசாக்காரர். என் பேரைப் படிக்கத் தெரியாமல், உறையைத் தூக்கிக் காட்டி, என் தலைநரையைத் தொட்டுக் காட்டி, “ஆப்?” என்றார், நீங்களா என்று இந்தியில். நான்தான் என்றேன். இந்தக் கட்டடத்தில் எனக்கென்று வந்த முதல் பொருள் அது. ஆரோனைச் சறுக்கு மரத்தில் விட்டுவிட்டு நின்றபடியே படித்தேன்.

தலைவரானதற்கு வாழ்த்துகள். பி.பி. மாத்திரையை மறக்காதீர்கள். சங்கத்தில் போடும் அப்பளத்தைத் தொட வேண்டாம்.

இங்கே குறை சொல்ல ஒன்றும் இல்லை. வினோ காலையில் ஆபீஸ் போனால் இருட்டித்தான் வருகிறாள். மாப்பிள்ளை பிராங்கிளினுக்கு ஆபீஸே இந்த வீட்டு ஹால்தான். காதில் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை ஏதோ ஒரு தேசத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார். தங்கமான பிள்ளை. வந்த புதிதில் ஒரு நாள் குக்கர் விசில் அடித்தபோது எட்டிப் பார்த்து, “அத்தை, செத்த நேரம்” என்று மெதுவாகக் கேட்டார். அதிலிருந்து நான் பகலில் குக்கர் வைப்பதில்லை. சோறு வடித்துவிடுகிறேன். மிக்ஸியை அவர் உட்காருமுன் ஓட்டிவிடுகிறேன். ஹாலைக் கடந்துதான் அடுப்படிக்குப் போக வேண்டும். கேமராவில் தெரியாமல் இருக்கச் சுவரோரமாகக் குனிந்து போகிறேன். வந்த நாளில் சிரிப்பாக இருந்தது. இப்போது யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் குனிந்துதான் போகிறேன்.

பகல் முழுவதும் நானும் ஆரோனும் படுக்கையறையில். பால்கனியில் புறா வராமல் இருக்க வலை அடித்திருக்கிறார்கள். அதற்குள் நின்று ஒன்பதாவது மாடியிலிருந்து கீழே போகிற பஸ்களைப் பார்ப்போம். நான் சொல்லிச் சொல்லி அவனுக்குக் கிசுகிசுத்துப் பேசித்தான் பழக்கம். கீழே மற்ற பிள்ளைகளோடு விளையாடும்போதும் கிசுகிசுக்கிறான். அதுகள் “வாட்? வாட்?” என்று கேட்கின்றன. அதைப் பார்க்கத்தான் மனசு என்னவோ செய்கிறது.

நான் இல்லாமல் முடியாது என்று வினோ உங்களிடம் சொன்னாளா? என்னிடம் அவள் அப்படிச் சொன்னதில்லை. பிள்ளைகள் அப்பாவிடம்தான் சொல்லுமோ என்னவோ.

ஜூன் முப்பது என்றீர்கள். மனசில் போட்டுக்கொண்டேன்.

இப்படிக்கு அன்புடன்,
புஷ்பம்

திண்டுக்கல்,
22 செப்டம்பர் 2024

அன்புள்ள புஷ்பத்துக்கு,

பதில் போடத் தாமதமானதற்கு முகாம்தான் காரணம். ஆகஸ்டு முழுக்க அதற்கான அலைச்சல். போன ஞாயிறு எரியோட்டில் கண் முகாம் நடத்தினோம். நூறு பேர் வந்தால் பெரிது என்று நினைத்தேன், பந்தல் கொள்ளவில்லை. கண்புரை இருந்தவர்களை அன்றைக்கே மதுரைக்கு அழைத்துப்போய் ஆபரேஷன் முடித்துக் கொண்டுவந்து விட்டோம். ஒரு பெரியவர் கட்டு அவிழ்த்ததும் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ஒன்றுக்காக இந்தச் சங்கிலியைச் சுமக்கலாம் என்று தோன்றியது.

அத்தனை பேரை மதுரைக்கு எப்படிக் கொண்டுபோனோம் என்று கேட்பாய். வேன் வைத்திருக்கிற பெரியகருப்பன் நம் சங்கத்து உறுப்பினர். அந்த வாரம் குடும்பத்தோடு பழனிக்குப் போக இருந்தார். கேட்டால் மறுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, “இரண்டு வேனையும் நம் பெரியகருப்பன் அண்ணன் தந்து உதவுகிறார்” என்று சொல்லிவிட்டேன். ஒரே கைதட்டு. அவர் வாயைத் திறந்தார், மூடினார், எழுந்து கும்பிட்டார். ஸ்டீபன்ராஜ் என் காதில் “சார் தேறிட்டீங்க” என்றான். பெரியகருப்பன் மட்டும் இரண்டு வாரமாக என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. சரியாகிவிடும். ஊருக்கு நல்லதுதானே நடந்தது.

உனக்குச் சிரிப்பு வருகிற மாதிரி ஒன்று. முகாம் மேடையிலும் உன் படத்தை நாற்காலியில் வைத்திருந்தோம். எந்தப் புண்ணியவதியோ அதற்கு முழம் பூவும் சாத்திவிட்டாள். சாயங்காலம் மாயம்மாள் என்று ஒரு கிழவி, ஒரு கண்ணுக்கு மருந்து விட்ட நிலையில், என் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்ப சாமி தவறுனாக? நல்ல களையான முகம்” என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “என் சம்சாரம் பெங்களூர்ல மக வீட்ல நல்லா இருக்கா” என்றேன். கிழவி சிரிக்கவில்லை. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “உசுரோட இருக்குறவுகள ஏன் சாமி இப்புடி வச்சிருக்கீக?” என்று கேட்டாள்.

சங்கத்தில் எல்லாரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அடுத்து ரத்த தான முகாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
அருள்நாதன்

பெங்களூரு,
6 அக்டோபர் 2024

அன்புள்ள வினோ அப்பாவுக்கு,

மாயம்மாள் சொன்னதைப் படித்து நானும் முதலில் சிரித்தேன். லிஃப்டில் ஏறின பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மாவுக்கு இரண்டாவது கண்ணையும் நல்லபடியாகச் செய்துகொடுங்கள். படத்தை எடுத்துவிடுங்கள். நாற்காலி காலியாக இருந்தால் இருக்கட்டும்.

சுற்றி வளைக்காமல் ஒன்று எழுதுகிறேன். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். ஜூன்வரை பொறுக்க முடியுமா என்று தெரியவில்லை. நோய் ஒன்றும் இல்லை. போன வாரம் வினோ, “என்னம்மா, கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கறீங்க” என்றாள். நான் பதில் சொல்லியிருக்கிறேன். சத்தம்தான் வெளியே வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

டிசம்பர் ஒரு மாதம் நம் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன். கிறிஸ்துமஸ் பூசையை நம் கோயிலில் பார்க்கிறேன். அதற்குப் பிறகு ஜூன்வரை இருந்துவிடுவேன். இதை வினோவிடம் நீங்கள் சொல்லுங்கள். நானே சொல்லலாமே என்பீர்கள். சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பெற்றவள் “என்னால் முடியவில்லை” என்றால் “நீ எனக்குப் பாரம்” என்று சொன்னதாக ஆகிவிடாதா? நீங்கள் சொன்னால் அப்பா தனியாக இருக்கிறார், அம்மா போகட்டும் என்று இயல்பாக முடிந்துவிடும்.

போனில் வேண்டாம். நேரில் வந்து சொல்லுங்கள். உங்கள் ரத்த தான முகாம் முடிந்ததும் வாருங்கள்.

புஷ்பம்

திண்டுக்கல்,
1 டிசம்பர் 2024

அன்புள்ள புஷ்பத்துக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். மழை, ரத்த தானம், பள்ளிகளில் பேச்சுப் போட்டி என்று நாள் ஓடிவிட்டது. நாற்காலியில் இருந்து படத்தை எடுத்துவிட்டேன். மேடைக்குப் பின்னால் கட்டுகிற பிளக்ஸில் இருப்பது மட்டும் இருக்கும். அது வருஷத்துக்கும் சேர்த்து ஒரே தடவையாக அடித்தது.

டிசம்பர் மாதம் பூராவும் என்கிறாய். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் நீ வந்தாலும் இங்கே உட்கார இடம் இல்லை. சக்கர நாற்காலி வழங்கும் விழாவுக்காக வந்து இறங்கியவை நம் வீட்டில்தான் இருக்கின்றன. உன் அறையில் கட்டில்மேலும் கீழும் அடுக்கியிருக்கிறோம். ஹாலில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலியும் மைக் செட்டும். ஸ்டீபன்ராஜிடம் ஒரு சாவி இருக்கிறது. எந்த நேரமும் ஆள் வந்துபோய்க்கொண்டிருக்கிறார்கள். நீ இருந்தால் வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டே ஓய்ந்துபோவாய். வகுப்பில் தராசு காட்டும்போது சொல்வேன், ஒரு தட்டை மட்டும் பார்த்துக் கனத்தைச் சொல்லாதே என்று. அங்கே உனக்கு ஒரு பிள்ளை. இங்கே சக்கர நாற்காலிக்குக் காத்திருக்கிற நாற்பது பிள்ளைகள். எது பாரம் என்று நீயே பார்.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் அங்கே இருப்பேன். இருபத்து ஆறாம் தேதி முதியோர் இல்லத்தில் நம் சங்கச் சாப்பாடு, அதற்குள் திரும்ப வேண்டும். வினோவிடம் நேரில் பேசுகிறேன். என் வார்த்தையை நம்பு.

உன்,
அருள்நாதன்

பெங்களூரு,
5 ஜனவரி 2025

வினோ அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகவும், முதியோர் இல்லத்தில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டதாகவும் வினோ சொன்னாள்.

கிறிஸ்துமஸ் அன்று நடந்ததை எழுதுகிறேன். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். ஆனாலும் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

திருச்சியிலிருந்து சம்பந்தி இருவரும் வந்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் வினோ அந்தச் செய்தியைச் சொன்னாள். ஆகஸ்டில் இரண்டாவது பிள்ளை. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அடுத்த நொடியே ஜூன் மாதம் என் கையை விட்டுப் போவது தெரிந்தது. அப்படி நினைத்ததற்காக என்மேலேயே வெறுப்பு வந்தது. சம்பந்தியம்மா, “ரெண்டையும் யார் பாத்துக்குவா, எனக்கும் முட்டி முடியல” என்றார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அது உண்மை, ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

நீங்கள்தான் எழுந்தீர்கள். சங்க மேடையில் நிற்பது போலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றீர்கள். “யாரும் ஒண்ணும் கவலப்பட வேணாம். புஷ்பம் இருக்கா. இன்னும் மூணு வருசத்துக்கு ரெண்டு பிள்ளையும் அவ கையிலதான்” என்றீர்கள். சம்பந்தி கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். ஆரோனும் தட்டினான். நான் வெஞ்சனப் பாத்திரத்தோடு நின்றிருந்தேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன். போட்டோவில் சிரித்த மாதிரிதான் இருக்கிறது.

பெரியகருப்பன் அண்ணனைப் பற்றி நீங்கள் எழுதியது அப்போது ஞாபகம் வந்தது. அவருக்காவது இரண்டு வேன், ஒரு நாள்.

நீங்கள் என்னிடம் பேசாமல் செய்தீர்கள் என்று நான் சண்டை போடவில்லை. உங்கள் வாயால் சொன்னதை உங்கள் வாயாலேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வினோவைக் கூப்பிட்டு, அம்மாவைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். நானாகச் சொன்னால், அப்பா கொடுத்த வாக்கை அம்மா உடைத்தாள் என்றுதான் ஆகும். மாசமாக இருக்கிற பிள்ளையிடம் அதைச் செய்ய எனக்குத் தெம்பு இல்லை.

காத்திருக்கிறேன்.

புஷ்பம்

திண்டுக்கல்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள புஷ்பத்துக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீ இப்படி எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. எல்லாரும் கவலையோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்தக் கவலையை இறக்கி வைத்தேன், அவ்வளவுதான். வேறு யார் பெயரைச் சொல்வேன்? நம்மிடம் இருப்பது நாம்தானே.

வினோவிடம் பேச மாட்டேன் என்று சொல்லவில்லை. நேரம் பார்க்கிறேன். குழாய் வைத்துத் தொட்டியிலிருந்து தண்ணீர் இறக்குவதை வகுப்பில் செய்து காட்டுவேன். ஒருமுறை ஓட ஆரம்பித்தால் தானாக ஓடும். நடுவில் கையை வைத்து நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். அவளுக்கு இப்போது மூன்றாம் மாதம். வாந்தியும் மயக்கமுமாக இருக்கிறாள் என்று நீயே சொல்கிறாய். இந்த நேரத்தில் போய் எப்படிச் சொல்வது?

மார்ச் பதினாறாம் தேதி மாவட்ட ஆளுநர் வருகை. சங்கங்களுக்கு இருக்கிற ஆளுநர்தான். எதிர்வீட்டுக்காரர் போலீஸ் பந்தோபஸ்து வருமா என்று கேட்டார். என் வருஷத்துக்கே அதுதான் பரீட்சை. சக்கர நாற்காலிகளை அன்றைக்குத்தான் அவர் கையால் கொடுக்கிறோம். நீ அந்த ஒரு நாள் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். படம் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீயே வா. விழா முடிந்ததும் உன்னோடு பெங்களூருக்கு வந்து வினோவிடம் பேசுகிறேன். டிக்கெட் எடுத்து அனுப்பட்டுமா?

உன்,
அருள்நாதன்

திண்டுக்கல்,
30 மார்ச் 2025

அன்புள்ள புஷ்பத்துக்கு,

பொங்கலுக்கு முன் வந்ததுதான் உன் கடைசிக் கடிதம். போன் செய்தால் வினோ, அம்மா நன்றாக இருக்கிறார், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார் என்கிறாள். தவக்காலத்து ஒறுத்தலாக எனக்கு எழுதுவதை விட்டுவிட்டாயா?

ஆளுநர் வருகை சிறப்பாக நடந்தது. உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ஆளுநரின் மனைவி அதில் கைப்பையை வைத்துக்கொண்டார். பத்துச் சக்கர நாற்காலிகள் கொடுத்தோம். மீதி அடுத்த மாதம். அன்றைக்கே பெங்களூருக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். கணக்கு ஒப்படைப்பு இருந்தது, போக முடியவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நேற்று அடுத்த ஆண்டுத் தலைவருக்கான கூட்டம். இந்த முறை நான் கை கழுவக்கூடப் போகவில்லை. முன் வரிசையில் விழிப்பாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பெரியகருப்பன் வரவில்லை. மற்றவர்கள் ஆளாளுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டீபன்ராஜ் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நம்ம சார் போல யார் உழைப்பாங்க? இன்னொரு வருசமும் சாரே” என்றான். கைதட்டுச் சத்தம் எழும்புவதற்கு முன்னால் ஒரு இடைவெளி இருந்தது புஷ்பம். ஒரு மூச்சு நேரம். அதில் முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வார்த்தை வாய்வரை வந்தது. பிறகு தட்டிவிட்டார்கள். எழுந்து கும்பிட்டேன்.

இரண்டாவது வருஷம் இவ்வளவு வேலை இருக்காது என்கிறார்கள். ஜூனில் கண்டிப்பாக வந்து வினோவிடம் பேசுகிறேன். கோபம் வேண்டாம். ஒரு வரி எழுது.

உன்,
அருள்நாதன்

வத்தலக்குண்டு,
9 மே 2025

வினோ அப்பாவுக்கு,

உறையில் வத்தலக்குண்டு முகவரியைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். என் அக்கா மரியசெல்வி வீட்டு மாடியில் இருக்கிறேன். வந்து ஒரு வாரம் ஆகிறது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. வினோவும் வயிற்றுப் பிள்ளையும் நலம்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த வாரம் வினோ ஸ்கேனுக்காக லீவு போட்டிருந்தாள். மத்தியானம் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தோம். ஆரோன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. “வினோ, நான் ஊருக்குப் போகணும்மா. பிரசவத்துக்கு வாரேன். பிள்ளைக்கு மூணு மாசம் ஆகுற வரைக்கும் இருக்கேன். அதுக்கு மேல என்னால ஏலாது” என்று சொல்லிவிட்டேன். கிசுகிசுத்துத்தான் சொன்னேன்.

அவள் ஆரோன் சட்டை ஒன்றை மடித்தாள். பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு அழுதுகொண்டே கேட்டாள்: “ஏம்மா, இத இம்புட்டு நாளா உள்ளயே வச்சிருந்தீங்களா?”

அதற்கு மேல் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “போன வருசமே இவன கீழ இருக்குற டேகேர்ல விடலாம்னு நானும் அவரும் பேசி முடிச்சோம். உங்கள ஊருக்கு அனுப்பி வைக்கிறேன்னு அப்பாகிட்ட சொன்னேன். அப்பாதான் வேணாம்னாரு. இங்க வீடு பூராம் சங்கத்து ஆளுக, அம்மாவுக்கு உன் வீட்லதான் நிம்மதி, அங்கயே வச்சுக்கன்னாரு. நீங்கதான் சொல்லச் சொன்னீங்கன்னு நெனச்சேன். கிறிஸ்துமஸ்லயும் உங்களுக்குச் சம்மதம்னுதான் நெனச்சேன்.”

நான் அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள். அதே வார்த்தைகள்தான்.

ஒரு வருஷமாக நான் வினோவுக்காக அங்கே இருந்தேன். வினோ எனக்காக என்னை வைத்திருந்தாள். நடுவில் நீங்கள் இரண்டு பக்கமும் நல்லவராக இருந்தீர்கள். உங்களுக்கு வீடு தேவைப்பட்டது, அதில் நான் இல்லாமல் இருப்பது வசதியாக இருந்தது. அதை என்னிடம் சொல்லியிருந்தால் நான் சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். எத்தனை வருஷத்துப் பழக்கம் நமக்குள்.

பஸ் ஏற்றிவிட மாப்பிள்ளைதான் வந்தார். பெட்டியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்றவர், “அத்தை, குக்கர் சத்தம் எனக்கு அப்படி ஒண்ணும் பெரிசா கேக்காது. அன்னிக்கு ஒருநாள்தான் முக்கியமான போன் கால். அப்புறம் நீங்க வைக்கவே இல்ல” என்றார். பஸ் கிளம்பினதும் நான் அழுதேன். யார்மேல் அழுகை என்று தெரியவில்லை. என்மேலும் கொஞ்சம்.

நம் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். கட்டில்மேல் இருப்பதை ஒரு நாளில் தூக்கிவிடலாம். ஆனால் நான் வந்து இறங்கினால், அடுத்த கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூட்டிப்போய், இதோ வந்துவிட்டாள் என்பீர்கள். அதற்கு எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஆகஸ்டுவரை இங்கேதான். அக்காவுக்கும் துணை வேண்டும். தெருப் பெண்கள் ஜாக்கெட் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தையல் டீச்சர் வந்திருக்கிறாள் என்று அக்கா சொல்லி வைத்திருக்கிறாள். என்னைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு இரைச்சல் மாடிவரை கேட்கிறது. அதற்கு மேலே கத்திப் பேசிப் பேசி, “ஏன்டி, காது வலிக்குதுடி” என்று அக்கா திட்டுகிறாள்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

புஷ்பமேரி

திண்டுக்கல்,
28 மே 2025

அன்புள்ள புஷ்பத்துக்கு,

பதில் எழுத உட்கார்ந்து சில தாள்கள் வீணாயின. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எல்லாவற்றிலும் விளக்கியிருந்தேன். கிழித்துவிட்டேன். வினோ சொன்னது உண்மை.

திங்கட்கிழமை ஸ்டீபன்ராஜ் கடைக்குப் போய், அடுத்த வருஷம் என்னால் முடியாது என்று சொன்னேன். “அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருச்சே சார். இப்பப் போயி சொல்றீங்க?” என்றான். பிறகு, “வெளையாடாதீங்க சார்” என்றான். விளையாடவில்லை என்றேன். அதற்குள் யாரோ மோட்டார் பார்க்க வந்தார்கள்; அவன் அந்தப் பக்கம் போனவன் திரும்பி வரவில்லை. செத்த நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். யார் தலைவர் என்று இன்னும் முடிவாகவில்லை. எரியோட்டில் அடுத்த முகாம் நடக்குமா என்று தெரியவில்லை. மாயம்மாள் இரண்டாவது கண்ணுக்குக் காத்திருக்கிறார். அது என் கவலை இல்லை என்று சொல்லிப் பார்க்கிறேன், சொல்ல வரவில்லை. தனி ஆளாக அவரை மதுரைக்கு அழைத்துப்போகலாம் என்று இருக்கிறேன்.

மீதிச் சக்கர நாற்காலிகளை எடுத்துப்போகப் பெரியகருப்பனைக் கேட்டேன். இந்த வாரம் ஆகாது என்றார். சரி என்றேன். அதனால் உன் அறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சாவியை மட்டும் திரும்ப வாங்கிவிட்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து பஸ் ஸ்டாண்டுவரை வந்தேன். வத்தலக்குண்டு பஸ் நின்றது. கண்டக்டர் கூப்பிட்டும் ஏறவில்லை. நீ வரச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? கீழேயே உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். வேண்டாம் என்று தோன்றினால் அதையே எழுது. எழுதத் தோன்றாவிட்டாலும் பாதகமில்லை. நீ எழுதாதவரை நான் வர மாட்டேன்.

அருள்நாதன்